வலது பின் சக்கரத்து வீடு

பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் நான் குடியிருக்கிறேன். வலது பக்கம். இடது பக்கத்துக்காரர் லாரி ஒன்று கிடைத்ததும் காலி செய்துவிட்டார். லாரி விசாலம்தான். ஆனால் சேறு. எனக்கு ஆகாது.

கார் பழைய அமெரிக்கக் கார். மசில் கார் என்கிறார்கள். முன்னால் நீளம், பின்னால் முறைப்பு. கோயம்புத்தூரில் இந்த அளவு மட்கார்டு வேறு பார்த்ததில்லை. ஒருக்களித்துப் படுத்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும். வண்டி ஓடும்போது வயிற்றுக்குக் கீழே டயர் சுற்றும். சத்தம் உண்டு. மகள் வீட்டு டிவிக்கு இது தேவலை.

மகள் தமயந்தி பொள்ளாச்சியில் இருக்கிறாள். எனக்கென்று ஓர் அறையைக் காலியாகவே வைத்திருக்கிறாள். அடிக்கடி போன் செய்வாள்.

“இன்னும் எத்தன நாளைக்குப்பா அந்த மட்கார்டுலயே கெடப்பீங்க?”

“இங்க என்ன குறை?”

“மழ பெஞ்சா?”

“நனைவேன்.”

மருமகன் நல்ல பையன். அதுதான் கஷ்டம். மாமா சாப்டீங்களா, மாமா தூங்குனீங்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பதில் சொல்லியே தெம்பு போய்விடும். டயர் எதுவும் கேட்பதில்லை.

ஆவணியில் ஒரு நாள் கார் ஓனர் நவநீதன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். முப்பது வயசுக்காரன். மரியாதை தெரிந்தவன். புத்தி மட்டும் எந்நேரமும் வண்டி மேல்.

“ஏனுங்கய்யா, தூங்கறீங்களா?”

“தூங்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?”

“பின்னாடி அகல டயர் போடலாம்னு இருக்கேனுங்க. எடுத்த எடுப்புல பின்பக்கம் வழுக்குது. ரோட்டப் புடிக்க மாட்டேங்குது.”

“போடு.”

“மட்கார்டுல உரசிரக் கூடாதுங்க. ஒரிஜினல் தகரம். ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குச் சோறு எறங்காது.”

“நடுவுல நான் இருக்கேனே.”

“அதாங்க கேக்க வந்தேன்.” தலையைச் சொறிந்தான். “ஒண்ணு, நீங்க காலி பண்ணோணும். இல்லீன்னா எடம் பண்ணோணும்.”

காலி செய்தால் பொள்ளாச்சி. வேறு போக்கிடம் இல்லை. இடம் பண்ணச் சொன்னேன்.

டிங்கர் கடை ஆரோக்கியசாமி வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். நான் இறங்கவில்லை. உள்பக்கம் ஸ்பிரிங் பட்டை வரைக்கும், வெளிப்பக்கம் மட்கார்டு ஓரம் வரைக்கும் டேப் வைத்து அளந்தார். பிறகு என்னை அளந்தார்.

“பெரியவரே, மூச்ச விடுங்க. இழுத்துப் புடிச்சு அளவு குடுத்தா அப்புறம் ரோட்டுல மாட்டிக்குவீங்க.”

விட்டேன்.

“மட்கார்டு ஓரம் உள்பக்கமா மடிஞ்சு நீட்டிட்டு இருக்குது, பாத்தீங்களா? டயரக் கிழிக்கறது அதுதான். சூடு காட்டி மேல மடக்குனா ஒரு விரல்கடை கெடைக்கும். உள்ள தள்ளி உக்கார்ற ரிம்மு போட்டா இன்னொரு விரல்கடை.”

“போதுமுங்களா?” என்றான் நவநீதன்.

“டயருக்குப் போதும்.” என்னைப் பார்த்தார். “இவருக்கும் ஒரு ஓரம் இருக்குதே.”

பெயிண்ட் வெடிக்காதபடி நிதானமாகச் சூடு காட்டி, தகரத்தின் ஓரத்தை மடக்கினார். அந்தச் சூட்டிலேயே என் ஓரத்தையும் மடக்கினார், தோளிலிருந்து இடுப்பு வரை. வலிக்கவில்லை. அலுப்பாக இருந்தது.

புது டயரை மாட்டி, பாரம் தாங்குகிறதா என்று பார்க்க டிக்கியில் மணல் மூட்டை ஏற்றி, ஜாக்கியை இறக்கினார்கள். டயர் மட்கார்டைத் தொடவில்லை. நவநீதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு கீறல் இல்லீங்க!”

“என் வயித்துல உரசுது.”

“நீங்க ஒரிஜினல் தகரம் இல்லீங்களேய்யா.”

அதுவும் சரிதான். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் என்னிடமிருந்து புகை வந்தது. திரும்பவும் டிங்கர் கடைக்கே போனோம்.

“பேசாம மக வீட்டுக்குப் போயிருங்க” என்றார் ஆரோக்கியசாமி.

“வேற சொல்லு.”

“அப்ப டயருக்குள்ள போங்க. அகல டயரு. உள்ள எடம் சும்மாதான கெடக்குது.”

ரிம்மிலிருந்து டயரை ஒரு பக்கம் பிரித்தார். ஏறிப் படுத்தேன். மூடினார். என் பின்னாலேயே காற்றும் குடிவந்தது. அதிகம் பேசாத காற்று.

தமயந்தி போன் செய்தாள்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“டயர்ல.”

“மட்கார்டுலதான இருந்தீங்க?”

“எடம் மாத்திட்டேன்.”

அழுதாள். “உங்களுக்கு எங்க வீடு மட்டும்தான் ஆகாது. அந்த ரூம தெனம் கூட்டிப் பெருக்கறேன்ப்பா. எதுக்குன்னே தெரியல.”

அவள் வைத்த பிறகும் அழுகை டயருக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. காற்று ஒதுங்கி வழிவிட்டது.

மறுநாள் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற அம்மா அழுத்தம் பார்த்தாள்.

“வலது பின்னாடி அதிகமா இருக்குதுங்க. இப்படியே ஓட்டுனா டயரு உப்பி மட்கார்டுல உரசும்.”

“எறக்குங்க, எறக்குங்க” என்று நவநீதன் பதறினான்.

வால்வை அழுத்தினாள். புஸ்ஸென்று நான் பாதி வெளியே போனேன். அளவு சரியாகிவிட்டது.

வெளியே போன பாதி வேட்டியைச் சரிசெய்துகொண்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தது. பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. கண்டக்டர் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கிழித்தார்.

சாயங்காலம் தமயந்தி கதவைத் திறந்தாள். கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப் போனாள். மருமகன் பின்னாலேயே வந்தான்.

“மாமா, சாப்டீங்களா?”

வாய் டயரில் தங்கிவிட்ட பாதியில் இருந்தது.

“ஆச்சு மாப்ளே” என்றேன்.

சத்தம் கேட்டு நவநீதன் அவிநாசி ரோட்டில் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி வந்து, எங்கே உரசுகிறது என்று மட்கார்டில் காதை வைத்துக் கேட்டான்.