யாரும் கை தட்டவில்லை

எங்கள் தீவின் லவுட்டோகா ஊரில், சர்க்கரை ஆலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே எங்கள் பட்டறையில் வேலை சூடு பிடித்துவிடும். வெயில் ஏறிவிட்டால் பானெட்டில் கை வைக்க முடியாது. விடிந்தும் விடியாத நேரத்திலேயே தகரக் கூரைக்குக் கீழே கழுத்து வழியாக வியர்வை ஓடும். கிரீஸும் கரும்புக் கரியும் குழைந்து நகக்கண்ணில் ஏறும். கரும்புக் காட்டுக்குத் தீ வைக்கிற மாதங்களில் ஊர் முழுக்கக் கரி பறக்கும். அது போய் அடைந்துகொள்வது கார்களின் ஏசி கண்டென்ஸரில். எங்களுக்குச் சோறு போடுவதே அந்தக் கரிதான்.

அன்றைக்கு எங்களோடு வேலை பார்க்கிற மெக்கானிக் இலைசாவின் கருவிப் பெட்டி மூடிக் கிடந்தது. சில நாளுக்கு முன்னால், குளிர் வரவில்லை என்று வந்த ஒரு காருக்குள் ஏறி ஏசிக் காற்றை ஊதுகிற புளோயரின் சுவிட்சைத் திருகினான், அவ்வளவுதான். டாஷ்போர்டிலிருந்து நெருப்பு குப்பென்று வந்து இரண்டு கையையும் கன்னத்தையும் பொசுக்கிவிட்டது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு, "வண்டிக்குள்ள சிகரெட் பத்த வச்சிருக்கான். இனி அவனுக்கு இங்க வேலை இல்ல" என்று சொல்லிவிட்டார் எங்கள் பாஸ் டெஸ்மண்ட். இலைசா சிகரெட் பிடிப்பவன்தான். ஆனால் வேலை செய்கிற வண்டிக்குள் பிடிக்கிற ஆள் இல்லை. இது எங்களுக்குத் தெரியும். எப்படிச் சொல்லி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை.

முதல் வண்டியாக ஜெய்ராஜ் அண்ணனின் டாக்ஸி வந்து நின்றது. மனுஷன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்.

"சஞ்சேஷ்னி, உங்க பாஸ் கேஸ் அடிச்சுக் குடுத்த புதுசுல எலும்பு நடுங்குற குளிரு. இப்போ அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. ஏர்போர்ட்ல ஏறுற வெள்ளக்காரன் எல்லாம் என்னைப் பார்த்துத் திட்டுறான்."

"அவன் திட்டுறது உங்களுக்குப் புரியவா போகுது? நகருங்கண்ணா, பார்க்கலாம்."

பானெட்டைத் தூக்கினேன். என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னதும் கம்ப்ரஸர் 'டக்' என்று பிடித்துச் சுற்றியது. அதில் குறை இல்லை. முன்னால் இருக்கும் ஃபேனும் ஓடியது. கண்டென்ஸரில் அப்பியிருந்த கரியைத் தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்த்தேன், குளிர் வரவில்லை. மீட்டரை மாட்டினால் முள் கீழேயே படுத்துக் கிடந்தது. உள்ளே கேஸ் குறைந்திருக்கிறது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். என்ஜினை அணைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரைக் குழாய் குழாயாக, மூட்டு மூட்டாகத் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

வெளியே கசியவில்லை என்றால் உள்ளே கசிய வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற கூலிங் காயிலில்.

வண்டிக்குள் தலையை விட்டு, காற்று வருகிற துவாரத்தில் மூக்கை வைத்தேன். என் வீட்டு அடுப்படியில் பர்னரைச் சரியாக மூடாவிட்டால் வருமே, அதே நாற்றம்.

பக்கத்தில் ஜெய்ராஜ் அண்ணன் உதட்டில் சிகரெட்டை வைத்து லைட்டரை எடுத்தார். நான் அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். லைட்டர் எங்கேயோ போய் விழுந்தது.

"என்னம்மா, பைத்தியமா உனக்கு?"

"எதையும் தொடாதீங்க. புளோயர், லைட்டு எதையும். எல்லாக் கதவையும் தொறந்துட்டு இந்தப் பக்கம் வாங்க. தோமாசி, இங்க வா. இத மோந்து பாரு."

பக்கத்து வண்டியில் வேலையாக இருந்த தோமாசி வந்து மோந்தான். எப்போதும் ஏதாவது கிண்டல் பேசிக்கொண்டே இருப்பவன், நேராக வெல்டிங் மேடைப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான். அங்கிருந்து விலிக்கேசா மாமா வந்தார். பட்டறையிலேயே மூத்தவர், இலைசாவின் தாய்மாமன். அவரும் மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சமையல் கேஸு" என்றார்.

பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விலை கூடின சரக்கு, நீங்கள் வீணாக்கிவிடுவீர்கள் என்று சொல்லி, கேஸ் அடிக்கிற வேலையை மட்டும் பாஸ் தன் கையிலேயே வைத்திருந்தார். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பார். ஏசிக்கு உரிய கேஸுக்குப் பதிலாக, மலிவான இந்தச் சமையல் கேஸைத்தான் அடித்திருக்கிறார். இலைசா ஏறிய காருக்குள்ளும் அது கசிந்து தேங்கியிருக்கிறது. அவன் புளோயரைத் திருகியபோது சுவிட்சில் தெறித்த பொறியே போதுமாக இருந்திருக்கிறது. அவன் எதையும் பற்ற வைக்கவில்லை. ஆத்திரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்த கையின் கிரீஸ் முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்தா பாஸின் வண்டி உள்ளே வர வேண்டும்? இறங்கியவர் கையில், இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனாவின் வேர்க்கட்டு இருந்தது. கனமான கட்டு, நல்ல வேர். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் வழக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி. வேரைக் கொண்டுவந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டால், அதை எடுத்துக்கொண்டு உள்ளங்கையைக் குவித்துக் கை தட்ட வேண்டும். தட்டிவிட்டால் விஷயம் புதைந்துவிட்டது. அப்புறம் அந்தத் தப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. மன்னிப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கம் கேள்விப்படாத காரியம்.

பாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, மாமாவின் எதிரில் மண்டி போட்டார். வேர்க்கட்டைத் தரையில் வைத்தார்.

"விலிக்கேசா, நீங்க பெரியவங்க. உங்க வீட்டுப் பையனுக்கு இப்படி ஆனதுல எனக்கு ரொம்ப வருத்தம். பழசை இதோட பொதைச்சிடுவோம். எல்லாரும் வேலையப் பார்ப்போம்."

நான் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலமெல்லாம் வழக்கம் தவறாத மனுஷன். அந்தக் கை தட்டிவிட்டால் இலைசாவின் கதை முடிந்தது.

"இலைசாவுக்கு வேலை உண்டா?" என்று கேட்டார் மாமா.

"அது வேற பேச்சு. சிகரெட் பிடிச்சவன..."

"ஜெய்ராஜ் வண்டியில என்ன கேஸ் அடிச்சீங்க பாஸ்?" என்றேன் நான்.

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கெதுக்கு அது? குளுரு வந்துச்சா இல்லியா?"

"இலைசா முகத்துல சூடா வந்துச்சு பாஸ்" என்றான் தோமாசி.

"இந்தத் தீவுல பாதிப் பேரு இதத்தான் அடிக்கிறான். ஒருத்தன் கவனமில்லாம இருந்தா நான் என்ன செய்ய? மறுபடி நிரப்பி அனுப்புங்க, ஏர்போர்ட்டுக்கு வண்டி வேணும்."

"கூலிங் காயில் ஓட்டையா இருக்கு. நீங்க அடிக்கிறதெல்லாம் ஏறி உக்கார்றவங்க மூக்குக்குத்தான் வருது. நான் இதத் தொட மாட்டேன்" என்றேன்.

"நீ இல்லன்னா வேற ஆளு."

"நானும் தொட மாட்டேன்" என்றான் தோமாசி.

பாஸ் மாமாவிடம் திரும்பினார். "விலிக்கேசா, நான் மண்டி போட்டு உக்காந்திருக்கேன். இதுக்கு என்ன மரியாதை? வேரை எடுத்துக்குங்க."

மாமா மெல்லக் கீழே உட்கார்ந்தார். அவர் தன் கைகளை விரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத ஏத்துக்கிட்டா கை தட்டணும், டெஸ்மண்ட். தட்ட வேண்டிய கை ரெண்டும் ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக் கெடக்கு. அவனுக்குப் பதிலா நான் தட்டினா எனக்குச் சோறு எறங்குமா? மொதல்ல அந்த சிலிண்டர வெளிய தூக்கிப் போடு. அவன் சிகரெட் பத்த வைக்கலைன்னு இத்தனை பேரு முன்னால சொல்லு. அவன் வேலைய அவனுக்கே வையி. அப்புறம் வேரை எடுத்துக்கிட்டு அவன்கிட்ட போ. தட்டுறதும் தட்டாததும் அவன் இஷ்டம்."

யாரும் கை தட்டவில்லை. மண்டி போட்டிருந்த பாஸுக்கு எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது.

"எல்லாரும் வெளிய போங்க. நாளைக்கே வேற ஆளுங்களக் கொண்டாரேன்."

"கொண்டாங்க பாஸ். அவங்களையும் மோந்து பார்க்கச் சொல்றேன்" என்றேன்.

நாங்கள் வெளியேறினோம். தோமாசி இலைசாவின் கருவிப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பின்னால் கதவு சாத்தப்பட்டு, பூட்டு விழுந்தது. வேர்க்கட்டு உள்ளே தரையிலேயே கிடந்தது.

மதியத்துக்குள் ஜெய்ராஜ் அண்ணன் டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். பாஸிடம் கேஸ் அடித்த வண்டிகளெல்லாம் கண்ணாடிகளை இறக்கிவிட்டபடி பட்டறைக்கு வெளியே வந்து வரிசை கட்டின. தெருவோரத்திலேயே பானெட்டைத் தூக்கி, கேஸ் வால்வை லேசாக அழுத்தி, ஒவ்வொன்றாக மோந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே நாற்றம். இதைச் சரிசெய்யாமல் ஓட்டுவதில்லை, நாளைக் காலையில் எல்லாரும் இங்கே வருகிறோம் என்று டிரைவர்கள் சொன்னார்கள். ஒரு நாள் ஓட்டம் போனால் அவர்கள் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர்களும் சொன்னார்கள்.

சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இலைசாவின் கைகள் வெள்ளைக் கட்டுக்குள் இருந்தன. பாஸ் வேரோடு வந்த சேதி எங்களுக்கு முன்பே அவனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அவன் மாமாவின் முகத்தையே பார்த்தான்.

"கை தட்டிட்டீங்களா?"

"இல்லடா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்ததும் கேட்டான்.

"என் பெட்டி?"

"பட்டறைக்கு வெளிய வச்சிருக்கோம். டிரைவருங்க காவல் இருக்காங்க" என்றான் தோமாசி. "நாளைக்கு அதை நடுவுல வச்சுத்தான் எல்லாரும் உக்காரப் போறோம்."

"அந்தப் பதினாலு நம்பர் ஸ்பேனர மட்டும் எவனும் எடுக்காதீங்க" என்றான் இலைசா. "வந்ததும் எனக்கு வேணும்."