யூல்காவின் ஞானத்தாய்

“இல்லப்பா, நீ ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.” “யாரு சொல்றது, மகளா கமாண்டரா?” “ரெண்டு பேரும்தான் சொல்றோம், சாவியக் குடு...” “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இவள ஓட்டினவன்டி நான்...” “அதத்தாம்பா நானும் சொல்றேன், உன் கண்ணு...” “என் கண்ணுக்கு என்ன கேடு!” இப்படி ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டு, அப்பாவும் மகளும், தீயணைப்பு நிலையத்து முற்றத்தில், இருவருமே விழாச் சீருடையில், பித்தளைப் பொத்தான்கள் பளபளக்க... பேண்டு வாத்தியக்காரர்கள் வாத்தியத்தைத் துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நான், கையில் கார்னேஷன் பூ மாலையோடு, யார் பக்கம் பேச? டார்யா சொல்வதில் தப்பில்லை, ஈஸ்டருக்கு முன்னால் கண் டாக்டரிடம் தனியாகப் போய்வந்த மனிதர், சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்பதற்கு மேல் இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் யூல்காவுக்கு, எங்கள் பழைய தீயணைப்பு வண்டிக்கு, இது கடைசி ஞாயிறு ஆயிற்றே... நாளைக்கு அவளை மாசிடோனியாவுக்குக் கொண்டுபோகிறார்கள், வண்டியே இல்லாத ஏதோ ஓர் ஊருக்கு. புது வண்டியை ஊர் எல்லை வரை போய்ப் பழைய வண்டிதான் கூட்டிவர வேண்டும், அதன் டிரைவர் கையால், பக்கத்தில் அதன் ஞானத்தாய், அதாவது நான், உட்கார்ந்து, எங்கள் வழக்கம் அதுதான். “விடுடி டார்யா, நான்தான் பக்கத்துல இருக்கேன்ல” என்று சொன்னது என் வாய்தான். அவள் என்னையே பார்த்தாள். “திரும்பி வரும்போது ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பிள்ளைங்க நிப்பாங்கம்மா. குட்டிக் குட்டிப் பிள்ளைங்க. நீ சொல்றேன்னு விடறேன்.” சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள், புது வண்டியோடு எல்லையில் காத்திருக்க.

யூல்கா இருமினாள், உதறினாள், கிளம்பினாள்... இந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது, கத்தத்தான் வேண்டும். இவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம், நீல கவுன், எஞ்சின் மூடி மேல் ஒயினை ஊற்றச் சொன்னால் பாதியைச் சாமியார் அங்கியில் ஊற்றிவிட்டேன், அவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு, “அடுத்தது நிஜப் பிள்ளைக்கு ஊத்தணும், குறி பார்த்து ஊத்தும்மா” என்று... எத்தனை சூப் ஆறிப்போயிற்று இவளால், சங்கு ஊதினால் போதும், கரண்டி ஒரு பக்கம் நாற்காலி ஒரு பக்கம், மனிதர் தெருவில் ஓடுவார். குளிர்காலத்தில் இவள் எஞ்சினுக்குக் கம்பளி, என் வீட்டுக் கம்பளி! “அவளையே கட்டிக்க வேண்டியதுதானே” என்றால், “அவ தினமும் கூப்பிட மாட்டா, நீ கூப்பிடுவே, அதான் உன்னக் கட்டினேன்” என்பார். கொழுப்பைப் பார். பொறாமைப்பட்டேனா? பட்டேன்தான். ஒரு வருடம் வந்த பெரிய வெள்ளத்தில் ஆற்றங்கரைச் சனங்களை இவள் முதுகில் ஏற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, முதலில் இவளைத்தானே தடவிக் கொடுத்தேன், சேறோடு சேறாக...

“சர்ச்சுல கொடி ஏத்திட்டாங்களா?” “ஏத்திட்டாங்க.” “வேலியோரம் கை ஆட்டறது யாரு, பெப்பியா?” “பெப்பி இல்ல, அவன் பொண்டாட்டி.” “அதானே, அழகா இருக்கேன்னு பார்த்தேன்.” சிரித்துவிட்டேன். இந்தச் சில மாதங்களாகத்தான் இப்படி, வண்டியில் ஏறினால் வாய் ஓய்வதில்லை, அது யாரு, இது என்ன, அவங்க வீட்டுக் கதவுக்கு என்ன பெயிண்ட் அடிச்சிருக்காங்க... ஆயுசு முழுக்க ‘ம்’ என்ற ஒரே எழுத்தில் குடும்பம் நடத்திய மனிதர். வயதான காலத்தில் என் கிழவனுக்குப் பேச்சு வந்துவிட்டது, என்னோடு பேசப் பிடித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு ஸிந்தாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன், அவள்கூட, கொடுத்துவைத்தவளடி நீ என்றாள். பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் கொடித் தோட்டம் வந்தது, உயர உயரக் கம்பங்கள், கொடிகள் உச்சி வரை ஏறிவிட்டன... “முன்னாடி டிராக்டர் ஏதாவது நிக்குதா?” “ஒண்ணு நிக்குது, ஓரமாத்தான்.” அழகாக ஒதுங்கிக் கடந்தார். யார் சொன்னது ஓட்டத் தெரியவில்லை என்று? டார்யா பார்த்திருக்க வேண்டும்.

சக்கரத்தடியில் சரளை நொறுங்கியது, எல்லைச் சிற்றாலயம். அவரே நிறுத்தினார், நான் சொல்லவே இல்லை. எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரே, பெரிய லிண்டன் மர நிழலில்... அம்மாடி, என்ன உயரம், என்ன சிவப்பு, நெற்றியில் பூமாலை, சத்தமே இல்லாமல் நிற்கிறது, அதன் முன்னால் என் மகள், விறைப்பாகச் சல்யூட் வைத்தபடி. இப்போது யூல்கா மூன்று தடவை சங்கு ஊத வேண்டும், வா என்று அழைக்கிற மாதிரி, அதற்கப்புறம்தான் புது வண்டி வாயைத் திறக்கும். அவர் ஊதவில்லை. மனம் நெகிழ்ந்துவிட்டதோ, கொஞ்ச நேரம் போகட்டும், பாவம்... டார்யாவின் கை நெற்றியிலேயே இருந்தது. சிரிப்பு மெல்ல மெல்ல அவள் முகத்திலிருந்து இறங்கியது. என்னைப் பார்த்து, என்னம்மா என்று புருவத்தை உயர்த்தினாள். திரும்பி அவரைப் பார்த்தேன். நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார், அவளைத்தான், அவளுக்கும் அப்பால் எதையோ, விருந்தாளிக்குக் காத்திருப்பவரின் சந்தோஷத்தோடு... கொடி, வேலி, டிராக்டர், கதவுக்கு அடித்த பெயிண்ட்... அதெல்லாம் பேச்சா? என்னோடு பேசப் பிடித்துப்போய்ப் பேசிய பேச்சா அதெல்லாம்? திரும்பிப் போகிற சாலையில் இந்நேரம் பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு வந்து நின்றிருப்பார்கள். அவர் என் பக்கம் சாய்ந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே, செல்லமாகத்தான் கேட்டார்:

“என்ன ஸ்லாவ்கா இவ்ளோ நேரம்... இன்னும் வரலியா அவங்க?”