சுகதன் வழக்கின் கடைசி அத்தியாயம்

"புத்தகம் வெளிவந்துச்சா சேச்சி? நூலாசிரியர்னு போடட்டுமா?" என்று போனில் கேட்டார் மரணச் செய்திப் பக்கத்து உதவி ஆசிரியர்.

ஷேர்லி ஒரு கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, மறு கையால் அப்பச்சனின் வெள்ளைக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வரல. எழுதிக்கிட்டிருந்தார்."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்தஞ்சு."

"அப்ப மூத்த பத்திரிகையாளர்னே போட்டுடறேன். அடக்கம் மூணு மணிக்குத்தானே?"

அதே பத்திரிகைக்கு முப்பது வருஷம் ஆலப்புழை நிருபராக இருந்த அவள் அப்பா குருவிளாவுக்குக் கிடைத்தது நாலு வரி. இருந்திருந்தால், "நாலு வரியா? அதுல ரெண்டு பிழை இருக்கும், எண்ணிக்கோ" என்று சிரித்திருப்பார்.

புத்தகம் என்றால் சுகதன் வழக்குதான். எண்பத்தொண்ணாம் வருஷ மழைக்காலத்தில், கைநகரியில் கடிதம் கொடுக்கப் போன தபால்காரர் சுகதன் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவருடைய பை மட்டும் வாய்க்கால் கோரையில் சிக்கிக் கிடைத்தது. வாரில் ரத்தம். கொலை என்று எழுதி மூன்று வருஷம் அலைந்த போலீஸ், துப்பு இல்லை என்று கோப்பைக் கட்டிவிட்டது. ஊர் அவ்வளவு லேசில் கட்டுமா? கொன்னுட்டாங்க என்றது பாதி ஊர். ஓடிப்போயிட்டான் என்றது மீதி.

நடுவில் மாட்டிக்கொண்டவள் சுகதனின் மனைவி பார்கவி. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, பிள்ளை இல்லை. கர்க்கிடக மாத அமாவாசைக்கு ஊரே ஆற்றங்கரையில் செத்தவர்களுக்குப் பிண்டம் வைத்துப் பலி போடும். அவளும் போவாள், நிற்பாள், ஈரம்படாத கையோடு திரும்பி வருவாள். பேர் சொல்லிப் பலி போட வேண்டுமென்றால், செத்துப்போனான் என்று யாராவது ஒருத்தர் உறுதியாகச் சொல்ல வேண்டுமே! நான் கண்டுபிடிச்சு எழுதுறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார் குருவிளா.

அந்தச் சனிக்கிழமைகள்! அப்பச்சனோடு படகேறிப் போகும்போது ஷேர்லிக்குப் பன்னிரண்டு வயது. தோளில் தபால் பை, அதில் எட்டுக் கிலோ பழைய பேப்பர். சுகதன் நடந்த வழியில் அவள் நடக்க வேண்டும். அப்பச்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார்.

"மெதுவா நட மோளே. சுகதனுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும்."

"பசிக்குது அப்பச்சா."

"போஸ்ட்மேனுக்கு டியூட்டியில பசிக்காது. இன்னும் நாலு வீடு."

முடிந்ததும் பார்கவி வீட்டு வாசலில் உட்கார்ந்தால், அவளே சேறு படிந்த காலைக் கழுவிவிடுவாள். ஆவி பறக்கும் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வரும். திரும்பும் படகில் ஷேர்லி அப்பச்சன் மடியில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்தாள், எத்தனையோ சாப்பிட்டாள். அந்தச் சந்தோஷம் வேறெங்கும் கிடைக்கவில்லை. அம்மச்சிதான் வீட்டில் புலம்புவாள்: "ஊர்ல அவளவளுக்குச் சக்களத்தின்னா ஒரு பொம்பளை. எனக்கு வாய்ச்சது காணாமப்போன போஸ்ட்மேன்!"

போன மாதம், படுக்கையில் கிடந்தபடி அப்பச்சன் சொன்னார். "அலமாரியில நீலக் கவர் இருக்கு. எடு."

உள்ளே பம்பாய் மாநகராட்சியின் மரணச் சான்று. சுகதன், தொண்ணூற்றெட்டு ஜூன் பதினொன்று. கூடவே ஒரு போட்டோ. கொஞ்சம் பருத்து, மீசைக்குச் சாயம் பூசிய சுகதன். பக்கத்தில் ஒரு மராட்டிக்காரி. முன்னால் இரண்டு மகன்கள். பையின் வாரில் இருந்த ரத்தம், அவனே கையைக் கீறி விட்டதாம். அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் கேட்டு எழுதி வந்திருந்தார் அப்பச்சன். அதுவும் ஆகிவிட்டது பதினைந்து வருஷம்.

"பதினஞ்சு வருஷமா பார்கவி சேச்சிகிட்ட சொல்லவே இல்லையா?"

"படகேறும்போதெல்லாம் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் போவேன். அவ எனக்காக மீனைப் பொரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா." கண்ணை மூடிக்கொண்டார். "நான் கோழை மோளே. நீ சொல்லிடு. இல்ல, எரிச்சிடு."

ஷேர்லி சொல்லவுமில்லை, எரிக்கவுமில்லை. செத்துக்கொண்டிருக்கிற மனுஷன்மேல் கோபப்படக்கூடாதுதான். அவளுக்குக் கோபம் வந்தது. நல்லதெல்லாம் தான் அனுபவித்துவிட்டு, கசப்பை மட்டும் மகள் கையில் கொடுத்துவிட்டாரே!

இரண்டு மணிக்குப் பார்கவி வந்தாள். நெற்றியில் இன்னும் பொட்டு. குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சார் ரொம்ப இளைச்சுட்டாரு" என்றாள். அம்மச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஷேர்லியைத் தேடிச் சமையல்கட்டுக்கு வந்தாள்.

"கேக்கக்கூடாத நேரம் மோளே. ஆனா எனக்கும் அறுபத்துநாலு ஆச்சு. சார் எழுதி முடிச்சாரா?"

"இல்ல சேச்சி."

"கண்டுபிடிச்சாராவது?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை, எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அடுத்த கர்க்கிடகத்திலும் இவள் ஆற்றங்கரையில் சும்மா நின்றுவிட்டு வருவாள்.

"கண்டுபிடிச்சார். அவர் இறந்துட்டார் சேச்சி. தொண்ணூத்தெட்டு ஜூன் பதினொண்ணு. பம்பாயில, ஆஸ்பத்திரியில."

எண்பத்தொண்ணிலிருந்து தொண்ணூத்தெட்டு வரை பார்கவி கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"பதினேழு வருஷம்" என்றாள். பிறகு, "காலையிலயா, சாயங்காலமா? பலிக்கு நட்சத்திரம் தப்பிடக்கூடாது."

"விடியக்காலை. நாலு மணி."

"தண்ணி குடுக்க ஆள் இருந்துச்சா?"

இல்லை என்றால், நா வறண்டு அநாதையாகப் போனான் என்று இந்தப் பொம்பளை சாகிறவரை அழுவாள். இருந்தது என்றால், யாரென்று இவளுக்குத் தெரியாமலா போகும்?

"இருந்தாங்க சேச்சி."

பார்கவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாலில்லாத கட்டங்காப்பி பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

"பையனா?"

ஷேர்லி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்லது" என்றாள் பார்கவி. "பையன் கையால கிடைச்சுதே."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே அடுப்பை அணைத்தாள். கூடத்துக்குப் போய், பெட்டியின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் கேட்டிராத குரலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜெபப் புத்தகத்தைப் பிரித்த பாதிரியார் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"சார்மேல என்ன பாசம் பாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா" என்றாள் ஷேர்லி. போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.