ஜெபதாஸ் அண்ணன் சொன்னதை நான் சொன்ன நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் மே ஒன்றாம் தேதி கிராம சபையில் இந்த எழிலரசி அந்த ஜெபதாஸை நார்நாராகக் கிழிக்கப் போகிறாள் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

சேரப்பணஞ்சேரிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். ஏரிக்கரையை ஒட்டிய நாற்பது ஏக்கரை ஒரு கம்பெனி கேட்டது. ஊர் தீர்மானம் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை, இல்லையென்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்கிறோம் என்றது. அன்றோடு ஊர் இரண்டாகப் பிளந்தது. கொடுக்கலாம் என்கிறவர்கள் டீ குடிக்கிற கடையில் கூடாது என்கிறவர்கள் குடிப்பதில்லை. கல்யாணப் பந்தியில்கூடத் தனித்தனி வரிசை.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஆறு வருஷமாக ஒரகடத்தில் காண்ட்ராக்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அடையாளக் கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து நாள் கழித்துப் புது ஆள் என்று எழுதி மறுபடி எடுப்பார்கள். வயது முப்பத்தாறு. எந்தத் தடவை வேண்டாம் என்பார்களோ தெரியாது.

அதே மெஷினில் எனக்கு அடுத்த ஷிப்ட் ஜெபதாஸ் அண்ணன். நிரந்தர ஆள். கூடாது என்கிறவர்களுக்கு அவர்தான் தலை. தான் பந்தியில் உட்கார்ந்துவிட்டு அடுத்தவன் இலையை எடுக்கச் சொல்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான். ஷிப்ட் மாறும்போது மட்டும் பேசுவோம், அதுவும் வேறு வழியில்லாமல். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் மெஷினில் உள்ள குறையெல்லாம் சொல்ல வேண்டும். வருகிறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்று விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. போகிறவர் "சரி" என்ற பிறகுதான் மெஷின் கைமாறும். யாரோ சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு ஒருவருக்கு இரண்டு விரல் போனதிலிருந்து இப்படி.

சபையில் அவர்தான் முதலில் பேசினார். நான் எங்கே காது கொடுத்தேன்? எந்த இடத்தில் மடக்கலாம் என்றே புத்தி ஓடியது. பேசி முடித்து மைக்கை என் கையில் கொடுத்தார். எதிரும் புதிருமாக நின்றோம், மெஷின் முன்னால் நிற்பது போலவே. ஆறு வருஷப் பழக்கம், காதில் விழுந்ததை ஒப்பிக்க வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏரித் தண்ணி பாயற கடைசி நெலம் இதான். இது போனா கால்வாயத் தூத்துடுவாங்க. மழ வந்தா வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடும்."

அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் திருதிருவென்று விழித்தார்கள். நான் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் அவருக்கும் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் வந்துவிட்டது.

"ஒண்ணு வுட்டுட்டியேம்மா."

"இன்னாண்ணா வுட்டேன்?"

"நம்ம மெஷின் நிக்குதே, அது எங்கப்பா நெலம். நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஒடனே நெரந்தர வேலன்னாங்க. ஒம்போது வருசம் காண்ட்ராக்ட்லயே ஓட்டுனாங்க."

முன்வரிசையில் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். வழக்கப்படி நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கால்வாய், மழைத் தண்ணீர், அப்புறம், "நம்ம மெஷின் நிக்கறது உங்கப்பா நெலம்." சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருஷமாக நான் நின்ற இடம் ஒரு நெல்வயல். அதன் சொந்தக்காரர் தினமும் கார்டைக் காட்டி உள்ளே வருகிறார், பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே போகிறார். பந்தியில் உட்கார்ந்தவர் என்று பழித்தேனே, அந்தப் பந்திக்கு அரிசியே அவர் வீட்டு அரிசி.

"சரி," என்றார். "இப்ப உன்னுது சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்."

சொன்னேன். அவர் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "ஆறு வருசம் ஓட்டுன மெஷின்ல, பதினோரு மாசத்துக்கு ஒருதபா நான் புது ஆளு," என்று என் பேச்சை அவர் குரலில் கேட்டேன். என் வீட்டுக்காரரிடமே எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். ஊம் கொட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்கு எதிராகக் கை தூக்கப்போகிற மனுஷன் அதை அப்படியே ஏந்தி, சிந்தாமல் திருப்பித் தந்தார்.

நானும் "சரி" என்றேன்.

பஞ்சாயத்துத் தலைவர் சரோஜா கை தூக்கச் சொன்னார். கொடுக்கலாம் என்றே தூக்கினேன், வயிறு இருக்கிறதே. அவரும் கூடாது என்றே தூக்கினார். எண்ணி முடித்தபோது நாங்கள் ஒன்பது கை வித்தியாசத்தில் தோற்றிருந்தோம். எல்லாம் உன் வாயால் கெட்டது என்று எங்கள் ஆட்கள் என்னைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். அந்தப் பக்கம் பட்டாசு கொளுத்தினார்கள்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெபதாஸ் அண்ணனுக்கு மாலை போட வந்தவர்களை அவர் கையமர்த்தி அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கார்டு எப்பம்மா வாங்கிப்பாங்க?"

"பதினாறாந்தேதிண்ணா."

தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெயித்தவர்கள் ஆடி எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ஜெயித்த மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுவதை அன்றுதான் பார்த்தேன். தோற்ற நான்தான் அவரைத் தேற்றினேன்.