நாற்பத்திரண்டு கிலோ மூடுபனி

வடதுருவத்துக்குப் பக்கத்தில் உள்ள தீவு ஒன்றில், கட்டபெட்டு கருப்பம்மா காலை எட்டு மணிக்கு மூடுபனி பறிக்கத் தொடங்கிப் பதினொன்றே காலுக்கு முடித்தார். மொத்தம் நாற்பத்திரண்டு கிலோ. கப்பல் சமையலறைத் தராசில் நிறுத்தது. சாக்கின் எடை கழித்தாகிவிட்டது.

அறுபத்து மூன்று வயதில் அவர் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் அவருடைய வீடு. எழுபத்து நான்காம் வருடம், பன்னிரண்டு வயதில், சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து சேர்ந்தபோது அவருக்குக் கடும் காய்ச்சல். சித்தப்பா மூட்டையோடு மூட்டையாகத் தோளில் போட்டு இறக்கினார். சொந்தக் காலால் கப்பலை விட்டு இறங்காதவர் என்பதால், அன்றிலிருந்து கருப்பம்மா எங்கே குடியிருந்தாலும் தரை ஆடியது. கட்டபெட்டு எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குத் தந்த லைன் வீட்டில் டம்ளர்கள் மேற்கே நகர்ந்து போய், சற்று நேரத்தில் கிழக்கே திரும்பி வரும். மேனேஜர் அழைத்துவந்த இன்ஜினியர் வீட்டுக்குள் கால் மணி நேரம் நின்று பார்த்து, வெளியே போய் வாந்தியெடுத்துவிட்டு, அஸ்திவாரம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கணவர் தங்கவேலு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சவரம் செய்யப் பழகிவிட்டார். "என்னா புள்ள, இன்னிக்கு உன் கப்பல் வேகமாப் போகுது," என்பார். கருப்பம்மாவுக்குச் சிரிப்பு வராது. சிலோனில் இருந்தவரை அவர் இந்தியாக்காரி; இங்கே வந்தபின், தினமும் பேருந்து நடத்துனர் "சிலோன் லைன் எறங்கு" என்று கூவித்தான் அவரை இறக்கிவிட்டார்.

மகள் பிரியா துருவப் பயணக் கப்பல் ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள். ஆறு வருடம் நல்ல பெயர் எடுத்ததற்காக, தாயை ஒருமுறை இலவசமாக அழைத்து வரலாம் என்று கம்பெனி எழுதியது. கருப்பம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நடுவுல எங்கயாச்சும் எறங்க விடுவானுங்களா?" விடுவார்கள், பத்து நாள் பயணத்தில் ஒரே ஒரு தீவில்.

தீவை அடைந்த அன்று மூடுபனி. மறுநாளும் மூடுபனி. உள்ளே வெண்கரடி நின்றால் தெரியாது, ஆகவே யாரும் இறங்கக் கூடாது என்றார் கேப்டன் ஹெர்பர்ட். மூன்றாம் நாள் காலையிலும் பனி விலகவில்லை; பகல் மூன்று மணிக்குக் கப்பல் கிளம்பியாக வேண்டும். நூற்றிருபது பயணிகளும் மனதைத் தேற்றிக்கொண்டு சீட்டாட உட்கார்ந்தார்கள். கருப்பம்மா மேல்தளத்துக்குப் போய்ப் பனியில் ஒரு கொத்தைக் கிள்ளிப் பார்த்தார். பறிக்கிற பதத்தில் இருந்தது.

"அம்மா, இது எஸ்டேட் இல்ல. பேசாம வந்து காப்பி குடி."

"இதவிட மோசமான பனியெல்லாம் ஆடி மாசத்துல பறிச்சிருக்கேன். சாக்கு இருந்தாக் கொண்டா."

அது உண்மை. பனி இறங்கிய நாட்களில் எஸ்டேட் பெண்கள் முதலில் அதைப் பறித்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் கொழுந்தில் கை வைப்பார்கள். அதை யாரும் ஒரு வேலையாக மதித்ததில்லை.

கரையில் கால் வைப்பதில்லை என்ற பேச்சில் கேப்டனும் கூட வந்த ரப்பர் படகில் நின்றபடி, கரையோரமாக மெல்ல நகர்த்தச் சொல்லி, இரண்டு கைகளாலும் பறித்துத் தோளுக்குப் பின்னால் சாக்கில் எறிந்தார். முழங்கால் உயரத்துக்குக் கீழே கை வைக்கவில்லை; அடியோடு பறித்தால் மறுபடி துளிர்க்காது. சரிவு முழுவதும் தெளிந்தபோது தூரத்து மேட்டில் ஒரே ஒரு கரடி, போர்வையை உருவிவிட்ட ஆளைப் போல உட்கார்ந்திருந்தது. சற்று யோசித்துவிட்டு எழுந்து மறுபக்கம் போனது.

"தொரை, இப்ப எறங்கலாமா?"

ஹெர்பர்ட்டுக்கு அது மொழிபெயர்க்காமலே புரிந்தது. அவரே முதலில் இறங்கட்டும் என்றார்.

வழிகாட்டிப் பெண் பியாட்ரிஸ் கை நீட்டினாள். "வேணாம் தாயி. யாரும் தூக்க வேணாம்," என்று கருப்பம்மா தன் வலது காலை எடுத்துக் கரையில் வைத்தார். பிறகு இடது கால். நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக நான்கு நிமிடம் அசையாமல் நின்றார். தரை ஆடவில்லை.

இறங்குகிறவர்களின் பெயரும் ஊரும் எழுதுவது அங்கே வழக்கம். "எந்த ஊருன்னு எழுதணும்னு கேக்குறாங்கம்மா," என்றாள் பிரியா.

கருப்பம்மா தாம் பறித்து முடித்த சரிவைப் பார்த்தார். "பறிச்சது நானு. என் ஊருன்னே எழுதச் சொல்லு."

பியாட்ரிஸ் அப்படியே எழுதினாள். நூற்றிருபது பேரும் அவர் விட்டுவைத்த முழங்கால் பனியில் வரிசை கலையாமல் நடந்து போனார்கள். தீவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்ற விதியைப் பற்றிப் பிரியா கேட்டபோது பியாட்ரிஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். கல், எலும்பு, இறகு இருந்தன, மூடுபனி இல்லை. கருப்பம்மா ஒரு கிலோ மட்டும் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் அதை லைன் வீட்டுக்குப் பின்னால் கொட்டினார். வேர் பிடித்துக்கொண்டது, பதினான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்கிறார். வீடு ஆடுவதில்லை. ஆடாத வீட்டில் தங்கவேலு ஒரு மாதம் தூக்கம் வராமல் சிரமப்பட்டார், இப்போது பரவாயில்லை. உப்பு வாசனையுள்ள அந்தப் பனி பேருந்து நிறுத்தம் வரை முழங்கால் உயரத்துக்குப் படர்ந்திருக்கிறது. நடத்துனர் சுடலைமணி அங்கே வந்ததும் விசிலடித்து, "கருப்பம்மா தீவு எறங்கறவங்க முன்னால வாங்க" என்கிறார். கருப்பம்மா கம்பியைப் பிடிக்காமல் இறங்குகிறார்.