எட்டுப் பேர் தூக்கும் மூடி

வாகீசனுக்கு யாரிடமும் எதையும் கேட்பதென்றால் பல்லுப் பிடுங்குவது மாதிரி. மண்வெட்டிக்குப் பிடி போடுவதிலிருந்து கூரைக்கு ஓடு மாற்றுவது வரை எல்லாம் தானே செய்வான். செய்ததில் அரைவாசியைத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கும். அதையும் தானே திருத்துவான். பதினாலு வருடமாக இந்த மனுசனோடு குடும்பம் நடத்துகிற ஆரணிக்குப் பொறுமை என்று ஏதாவது மிச்சம் இருந்ததென்றால், அது இந்த மூடியோடு முடிந்துபோனது.

மூடி என்றால் பிக்கப்பின் பின்பெட்டிக்கு மூடி. ஆரணி அச்சுவேலியில் வீட்டோடு மிளகாய் வறுத்துத் தூளாகத் திரித்துப் பைகளில் அடைத்து விற்கிறாள். திங்கட்கிழமைகளில் அது பெட்டி பெட்டியாக யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குப் போகும். மற்ற நாட்களில் அதே பிக்கப்பில் வாகீசனின் வாழைக்குலைகள். ஐப்பசி மழையில் மேலே கட்டிய தறப்பாள் ஒழுகி ஆறு பெட்டி நனைந்து, கடைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

"நல்ல தறப்பாளா ஒண்டு வாங்குவம்" என்றாள் ஆரணி.

"தறப்பாள் என்ன தறப்பாள்! வேணுமெண்டால் பூட்டி, வேண்டாமெண்டால் கழட்டி வைக்கிற மாதிரி நல்ல உறுதியான மூடி ஒண்டு நான் செய்யிறன் பாரும்."

அவள் பார்த்தாள். ஆறு ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள்.

குருநகரில் பைபர் வள்ளம் செய்கிற சிமியோன், வாழைப்பழம் கொண்டுபோன இடத்தில் பழக்கமானவர். ஒழுங்கையில் அயலவர் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்காத வாகீசன் இந்த மனிதரோடு மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டான். அவர் ஞாயிறு பூசை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் வந்து யோசனை சொல்லுவார். வாகீசன் பிளைவுட்டில் சட்டம் அடித்தான், பைபர் விரித்தான், அதன் மேல் ரெசின் பசை பூசினான். ரெசின் கலக்க ஆரணியின் பெரிய சருவச்சட்டியை எடுத்தான். ரெசின் மணம் அடுப்படி வரை வந்து, ஒரு நாள் வறுத்த மிளகாய் முழுவதும் பெயின்ற் கடை மாதிரி மணத்தது. அவள் அதை அப்படியே குப்பைக் குழியில் கொட்டினாள். கொட்டும்போது அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

"இன்னும் ஒரு லேயர் போடுவம். அலை அடிச்சாலும் அசையக் கூடாது" என்றார் சிமியோன்.

அச்சுவேலியில் எங்கே அலை அடிக்கிறது என்று ஆரணி கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். "உந்த மூடியை ஆர் தூக்கி இறக்கிறது?"

"அது சும்மா தூக்கலாம், தங்கச்சி" என்றார் அவர்.

"கேட்டீரே? சும்மா தூக்கலாமாம்" என்றான் வாகீசன்.

ஏழாம் ஞாயிறு சிமியோன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் கரையில் வள்ளம் இழுத்துப் பழகிய தோள்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் தூக்க, ஒரு நிமிடத்தில் மூடி பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தது. கவிழ்த்துப்போட்ட வள்ளம் ஒன்று சில்லுப் பூட்டி நிற்கிற மாதிரித்தான் இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த நாள் கொட்டு கொட்டென்று கொட்டிய மழையில் ஒரு பெட்டிகூட நனையாமல் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. வாகீசன் இரண்டு நாள் நிலத்தில் கால் பாவாமல் திரிந்தான்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. உரும்பிராயில் ஒரு கலியாணம். மண்டப வாசலில் கட்ட, குலையோடு நாலு வாழைமரம் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கு முன்னமே அங்கே நிற்க வேண்டும். வாசலில் வாழை இல்லாமல் மாப்பிள்ளை எப்படி உள்ளே வருவது? விடியவே வாகீசன் தோட்டத்தில் வெட்டி, இலை கிழியாமல் ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து முற்றத்தில் கிடத்தினான். ஒவ்வொரு மரமும் ஒன்பது அடி, மூடி கிடந்தால் பெட்டிக்குள் போகாது. பிறகு இரண்டு பேரும் மூடியின் இரு பக்கமும் நின்று தூக்கினார்கள்.

மூடி அசையவில்லை.

இன்னொரு தரம் தூக்கினார்கள். ஆரணியின் பக்கம் ஒரு அங்குலம் எழும்பி, அவளுடைய சுண்டுவிரலைக் கடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தது. வாகீசன் சில்லு மாற்றும் ஜக்கு வைத்துப் பார்த்தான். மாமரக் கொப்பில் கயிறு போட்டு இழுத்தான். கொப்பு முறிந்து மூடியின் மேல் விழுந்தது. மூடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதையும் அந்த மனுசன் பெருமையாகத் தடவிப் பார்த்தான். கடைசியில் மரங்களை மூடிக்கு மேலே வைத்துக் கட்டப் பார்த்தான். முதல் மரம் வழுக்கிக்கொண்டு வந்து நிலத்தில் விழ, குலையில் ஒரு சீப்பு நசிந்தது.

ஆரணி சிமியோனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்தப் பக்கம் காற்றும் கூக்குரலுமாக இருந்தது.

"கழட்ட ஏலாமல் கிடக்கோ? எத்தினை பேர் நிக்கிறியள்?"

"ரெண்டு பேர், அண்ணை."

"ரெண்டு பேரோ!" அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "எட்டுப் பேர் இல்லாமல் ஆர் தங்கச்சி தூக்கிறது? பக்கத்திலை நிக்கிறவையைக் கூப்பிடுங்கோவன். இதென்ன பெரிய வேலையே?"

அவருடைய கரையில் அது வேலையே இல்லை. வள்ளம் வந்தால் நிற்கிறவன் எல்லாம் கை கொடுப்பான், யாரும் யாரையும் கேட்பதுமில்லை. சும்மா தூக்கலாம் என்று அவர் சொன்னதில் அந்த எட்டுப் பேரும் அடக்கம். இந்த வீட்டு முற்றத்துக்கு எட்டு மனிதர் வரமாட்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வராததற்குக் காரணம் பங்குக் கிணறு. ஒழுங்கையில் எல்லாருடைய தோட்டத்துக்கும் அந்த ஒரு கிணற்றில் இருந்துதான் முறை வைத்து இறைப்பு. மூன்று வருடத்துக்கு முன்னர், வாகீசனின் முறையில் பக்கத்துத் தோட்டத்து நமசிவாயம் அரைமணித்தியாலம் கூடுதலாக இறைத்துவிட்டார். என்ன அண்ணை என்று ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இவன் கேட்கவில்லை. தன் காணிக்குள் குழாய்க்கிணறு அடித்தான், பங்கை விட்டான், ஒழுங்கையையும் விட்டான். அவனுக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை. ஆரணிக்குத்தான் நாள் போகவில்லை. நமசிவாயத்தின் பெண்சாதி செல்வநாயகியோடு முருங்கைக்காய்க்கும் கதைக்குமாக ஓடித் திரிந்தவள், இப்போது ஒழுங்கையில் அவளைக் கண்டால் குடையைச் சரித்துக்கொண்டு போகிறாள். மிளகாய் வறுக்கும்போது கண்ணில் வரும் தண்ணீர் எல்லாம் மிளகாயால் வந்ததல்ல.

"மரத்தை ஏத்திக்கொண்டு போக லான்ட்மாஸ்டர் ஒண்டு பிடிப்பமோ?" என்றான் வாகீசன்.

"பிடியுங்கோவன். இந்த ஒழுங்கையிலை லான்ட்மாஸ்டர் ஆரிட்டை நிக்குது?"

நமசிவாயத்திடம்தான் நின்றது. வாகீசன் கயிற்றைச் சுற்றத் தொடங்கினான். மணி ஆறு.

ஆரணி கயிற்றைப் பறித்து எறிந்தாள். "இஞ்சாருங்கோ. இப்ப கிணத்தடியிலை எல்லாரும் இறைச்சுக்கொண்டு நிப்பினம். போய்க் கேளுங்கோ."

"நான் போகமாட்டன். வேணுமெண்டால் நீர் போம்."

"நான் ஏன் போக வேணும்? நானே கோவிச்சனான்? நீங்கள் போறியளோ, இல்லாட்டிக் கலியாண வீட்டுக்குப் போன் எடுத்து, என்ரை மனுசனுக்குக் கைகொடுக்க ஊரிலை ஒரு சனமில்லை, அதாலை வாழை வராது எண்டு சொல்லட்டோ?"

அவள் இலக்கத்தை அழுத்தத் தொடங்கிவிட்டாள். விளையாட்டில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. செருப்புக்கூடப் போடாமல் படலையைத் திறந்துகொண்டு போனான்.

போனவன் பத்து நிமிடமாக வரவில்லை. ஆரணி படலையையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் வராவிட்டால் கலியாண வீட்டுக்குப் பதில் சொல்வது ஒருபக்கம். இந்த மனுசன் செத்தாலும் இன்னொரு தரம் அந்தப் பக்கம் போகமாட்டான். அவளும் சாகும் வரைக்கும் குடையைச் சரித்துக்கொண்டுதான் திரிய வேண்டும்.

படலை கிறீச்சிட்டது. முதலில் வந்தவர் நமசிவாயம். முழங்கால் வரை சேறு. பின்னால் ஐந்து பேர், கடைசியில் செல்வநாயகி, அதற்கும் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வாகீசன்.

நமசிவாயம் மூடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "உதென்ன விசர் வேலை தம்பி? மழைக்கு மூடினியோ, கடலுக்கு விடப்போறியோ?"

வாகீசன் போய் மூடியின் ஒரு மூலையைப் பிடித்தான். வாய் திறந்திருந்தால் ஆரணியே அவனை அடித்திருப்பாள்.

எட்டுப் பேர் என்றாலும் வள்ளக்காரர் மாதிரி இல்லை இவர்கள். ஒருவர் தூக்கச் சொல்ல ஒருவர் பொறுக்கச் சொன்னார், ஒருவர் இடப்பக்கம் இழுக்க ஒருவர் வலப்பக்கம் இழுத்தார். நமசிவாயம் எல்லாரையும் ஏசினார். செல்வநாயகி நமசிவாயத்தை ஏசினாள். எப்படியோ மூடி எழும்பி, தள்ளாடித் தள்ளாடிப் போய்ப் பழைய ரயர்களின் மேல் இறங்கியது. அதே கையோடு வாழைமரங்களையும் ஏற்றிக் கட்டிவிட்டார்கள்.

ஆரணி தேத்தண்ணி ஊற்றினாள். வீட்டில் கோப்பை போதாமல் இரண்டு பேருக்குச் செம்பில் கொடுக்க வேண்டியிருந்தது. செல்வநாயகி குசினிக்குள் தானாகவே வந்து, சீனிப் போத்தல் எங்கே என்று கேட்காமலே எடுத்தாள். "மிளகாய் கொஞ்சம் கூடுதலா வறுக்கிறாய் போலை. எங்கடை வீடு வரைக்கும் மணக்குது" என்றாள். ஆரணி அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். ஓம் அக்கா என்று மட்டும் சொன்னாள்.

போகும்போது நமசிவாயம் படலையில் நின்று கேட்டார்: "உதைத் திருப்பி ஏத்திறது எப்ப?"

"ஞாயிறு பின்னேரம்" என்றான் வாகீசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"நாலு மணிக்கு வாறம். பிந்தாமல் நில்."

அவர்கள் போனதும் வாகீசன் பிக்கப்பில் ஏறினான். திறப்பைப் போட்டு முடுக்கியவன், கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினான். முகம் தெளிந்திருந்தது. பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட முகம்.

"ஆரணி, எனக்கு ஒரு யோசனை. உதை நடுவாலை வெட்டி ரெண்டாக்கி, ஒரு லேயரையும் உரிச்சுவிட்டால் நாங்கள் ரெண்டு பேருமே தூக்கலாம். பேந்து ஒருத்தரையும் கரைச்சல்படுத்தத் தேவையில்லை. வந்த உடனை வாளை எடுக்கிறன்."

ஆரணி கழுவ எடுத்த கோப்பைகளைத் திண்ணையில் வைத்துவிட்டு நேரே அவன் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உதிலை வாள் பட்டுதோ," என்றாள், "நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன். வரேக்கை ஆறு கோப்பை வாங்கிக்கொண்டு வாங்கோ."