நடுக்கம் நின்றபோது

"ஜெபம் பண்ணி எத்தனை நாளாச்சுடி? முன்னெல்லாம் ஒருநாள் விட்டாலே அழுவியே," என்று காலையில் அக்கா கேட்டாள்.

"இப்போ ஒண்ணும் தோணலக்கா. நிம்மதியாத்தான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் மீன் கிடங்குக்கு வேலைக்குக் கிளம்பினாள்.

மதியம் உறைபதன அறைக்குள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு மூடிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிக் கிடந்தது. தட்டினாள், கத்தினாள். பல் கிடுகிடுத்தது. பிறகு நடுக்கம் தானாகவே நின்று, உடம்பெங்கும் இதமான வெதுவெதுப்பு பரவியது. மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனாள்.

"உட்காரேன். இப்போ நிம்மதியாத்தானே இருக்கே?" என்றது பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல். அது அவளுடைய குரலாகவே இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது: "நடுங்குற வரைக்கும் உடம்பு போராடுது. இதமா இருந்தாத்தான் பயப்படணும்."

காலையில் அக்காவிடமும் இதே நிம்மதியைத்தான் சொல்லியிருந்தாள்.

மரத்த கையால் கதவை அறைந்தாள். "ஆண்டவரே, என்னை விட்டுடாதீங்க," என்று நாக்கு குழறியது. மனசில் ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு வந்து கதவைத் திறந்தவர்கள் அவளைப் போர்வையில் சுற்றினார்கள். வெகுநேரம் கழித்து மறுபடி பல் கிடுகிடுத்தது.

"பாவம், எப்படி நடுங்குது பாரு," என்றார் மேற்பார்வையாளர்.

"நடுங்கட்டும் சார்," என்றவள், விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள்.